முதலாளி ஊரில் இல்லாத நாளில் தராசு என்ன எடை காட்டும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் சிறிய முந்திரி ஆலை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா தொடங்கிய ஆலை, மூன்று ஆண்டுகளாக இவர் கையில் இருக்கிறது. 17 பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர் கூடியிருப்பதால் இன்னும் எட்டுப் பேரை எடுக்க வேண்டும். அவர் கேட்டது இது: “யாரை வேலைக்கு எடுப்பது? எவ்வளவு கண்டிப்பாக இருப்பது? மச்சான் கல்ஃபிலிருந்து திரும்பி வந்திருக்கிறார், அவரை மேனேஜராகப் போடச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள், போடலாமா? எனக்குப் பிறகும் இந்தக் கம்பெனி நிற்க வேண்டும் என்று ஆசை, அதற்கு எங்கிருந்து தொடங்குவது?”

நான் 31 ஆண்டுகள் அண்டி ஆபீஸ்களில் கணக்கு எழுதியவன். தோட்டோடு இருக்கும் முந்திரிக்கொட்டைதான் அண்டி. முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மாவும் தல்லு வேலைக்கு, அதாவது அண்டி உடைக்கும் வேலைக்குப் போனவர்தான். வறுத்த அண்டியை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொள்ள வைக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அம்மா விரல்களைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார், அந்தக் கறை அப்படி. ஆகவே தம்பியின் கேள்வியை நான் முதலாளியின் நாற்காலியிலிருந்து மட்டும் பார்க்க முடியாது.

நான்கு கேள்விக்கும் என்னிடம் இருக்கிற பதில் ஒன்றுதான். முதலாளி இல்லாத நாளில் ஆலை எப்படி நடக்கிறதோ, அதுதான் கம்பெனி. அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நடப்பது அவருடைய தனி உழைப்பு, அது அவரோடு போய்விடும். ஆள் எடுப்பது, கண்டிப்பு, தலைமை எல்லாமே அந்த ‘இல்லாத நாளுக்கான’ ஏற்பாடுகள்தான்.

தராசிலிருந்து தொடங்குகிறேன். நான் முதலில் வேலை பார்த்த ஆலை குழித்துறைக்குப் பக்கம். தல்லுகிறவர்களுக்கு உடைத்துக் கொடுத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. சாயங்காலம் ஒவ்வொருத்தராகத் தட்டைக் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். தராசின் முகம் மேஸ்திரியின் பக்கம் திரும்பியிருக்கும். எடையை அவர் சத்தமாகச் சொல்வார், நான் எழுதுவேன். ஒவ்வொரு தட்டுக்கும் 100 கிராம் ‘ஈரத்துக்கு’ என்று கழிவு. வெயில் காய்ந்து மண் வெடிக்கும் ஏப்ரல் மாதத்திலும் அந்த ஈரக் கழிவு இருந்தது. எனக்கு வயது 23. முதலாளி சொன்னதை எழுதினேன். அது தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்த 100 கிராம் என்ன செய்தது என்று கணக்கில் தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. முந்திரித் தொழிலில் லாபம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால்தான் இது விளங்கும். 80 கிலோ மூட்டை அண்டியில் எத்தனை பவுண்டு பருப்பு தேறுகிறது என்பது ஒரு கணக்கு. தேறிய பருப்பில் எத்தனை முழுசாக இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கணக்கு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டில் 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் தரம். டபிள்யூ 240, டபிள்யூ 180 என்று எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. அதே பருப்பு இரண்டாகப் பிளந்தால் விலை இறங்கும், நொறுங்கினால் இன்னும் இறங்கும். பருப்பு முழுசாக வெளியே வருவது மரச் சுத்தியலைப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. அண்டியை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்து எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்பது வருடக்கணக்கில் வருகிற கைப்பழக்கம்.

தராசு பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் கைப்பழக்கம் உள்ளவர்கள்தான் முதலில் போனார்கள். அவர்களை எந்த ஆலையும் எடுத்துக்கொள்ளும். வேறு வழியில்லாதவர்கள் தங்கினார்கள். அவர்களும் 100 கிராம் இழப்பை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினார்கள், வேகம் கூடக் கூடப் பருப்பு உடைந்தது. என் பேரேட்டில் கூலிச் செலவு குறைந்துகொண்டே வந்தது, பக்கத்துப் பத்தியில் பிளவும் பொடியும் ஏறிக்கொண்டே போனது. இரண்டையும் சேர்த்துக் கூட்டி முதலாளியிடம் காட்டினேன். “நல்ல ஆளாகப் பார்த்துக் கூட்டிட்டு வா” என்றார். கூட்டி வந்தேன். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பனச்சமூட்டிலிருந்து வந்த ஓர் அக்கா கடைசி நாள் கூலியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சாரே, இந்தத் தராசுக்கு அண்டிக்க எடை தெரியாது. மொதலாளிக்க முகம்தான் தெரியும்.” அந்த ஆலை அடுத்த ஐந்தாம் வருடம் பூட்டியது. விலை வீழ்ச்சி, இறக்குமதிச் சிக்கல் என்று வெளியே சொன்னார்கள். அவையும் இருந்தன. ஆனால் அதே விலை வீழ்ச்சியைத் தாங்கி நின்ற ஆலைகளும் மாவட்டத்தில் இருந்தன.

தம்பி, கண்டிப்பைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? கண்டிப்பு தொழிலாளியிடம் தொடங்குவதில்லை. முதலாளியின் கையைத்தான் அது முதலில் பிடித்துக் கட்ட வேண்டும். அடுத்து நான் போய்ச் சேர்ந்த ஆலை தக்கலைக்கு அந்தப் பக்கம். அங்கே தராசு பெண்கள் பக்கம் திரும்பியிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் முத்திரை போட்ட ஒரு கிலோ எடைக்கல் சங்கிலியில் தொங்கும். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துப் பார்க்கலாம். நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்தக் கல்லை எடுத்து வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அது அங்கே தொங்கியதே போதுமாக இருந்தது. ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். என் பேரேட்டில் எழுதுவதற்கு முன்பு அவர்கள் நோட்டில் அவர்களே எழுதிக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுப்பார். அந்த முதலாளி சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் மாதக்கணக்கில் கிடந்தபோதும் எடையில் ஒரு கிராம் வித்தியாசம் வரவில்லை. தப்பு செய்ய வழியில்லாதபடி தன்னையே அவர் முதலில் கட்டிவைத்திருந்தார்.

சம்பள நாளும் அப்படித்தான். சனிக்கிழமை நான்கு மணி. ஒரு மாரிக்காலத்தில் சரக்குக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. அவர் வீட்டுக்காரம்மாவின் வளையலை வங்கியில் வைத்து நான்கு மணிக்குள் பணத்தோடு வந்து நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. அடகு ரசீதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி என்னிடம் தந்ததால் எனக்குத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் கேட்பேன் என்று அவர் சொன்னபோது ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. நேரத்தைக் கேட்கும் உரிமை அவருக்கு அப்படித்தான் வந்தது.

கல்லாப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் நல்ல வியாபாரங்கள் எதனால் விழுகின்றன என்று என்னைக் கேட்டால், போட்டியைவிடக் கல்யாணத்தைத்தான் முதலில் சொல்வேன். நான் கணக்குப் பார்த்த இன்னொரு இடத்தில், நம் நாட்டு அண்டி வரத்து தொடங்கும் பிப்ரவரியில் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் மகள் கல்யாணத்து நகைக்குப் போனது. மே மாதத்துக்குள் எடுக்க வேண்டிய மூட்டைகளை அவர் ஜூலையில் வட்டிக்கு வாங்கிக் கூடுதல் விலையில் எடுத்தார். அந்த வட்டி மூன்று வருடம் அவரை விடவில்லை. மகளுக்குச் செய்ததை நான் குறை சொல்லவில்லை. எந்தத் தகப்பனும் செய்வான். ஆனால் வீட்டுப் பணமும் ஆலைப் பணமும் ஒரே பெட்டியில் கிடந்தால் வீடுதான் எப்போதும் ஜெயிக்கும். முதலாளிக்கும் மாதச் சம்பளம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எடுத்தால் கடன் என்று எழுதுங்கள். எழுதுவது நீங்களாக இருக்கக் கூடாது, கணக்கப்பிள்ளை எழுத வேண்டும்.

இப்போது எட்டுப் பேர் விஷயம். 17 பேர் இருக்கிறார்கள், இன்னும் எட்டு என்றால் 25. உங்களிடம் யாரோ இதற்குள் சொல்லியிருப்பார்கள்: “ரெக்கார்டில் 19-ல் நிறுத்திக்கோ, மிச்சப் பேரைக் காண்ட்ராக்ட் பேரில் காட்டு.” 20 பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி வந்துவிடும், தொழிலாளியின் பங்கு போக முதலாளியும் 12 சதவீதம் கட்ட வேண்டும் என்பதுதான் காரணம். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரிலேயே வந்துவிடுகிறது; அதில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75. உங்கள் 17 பேருக்கு அது இன்றைக்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் எட்டுப் பேரை எடுப்பதற்கு முன்பு அதைச் சரிசெய்யுங்கள்.

அந்தப் பத்தொன்பதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகவே சொல்வேன். 19-ல் நின்ற ஆலைகளை நிறையப் பார்த்துவிட்டேன். முதலாவது, உங்கள் கணக்கப்பிள்ளைக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அரசாங்கத்துக்குப் பொய் எழுதப் பழகிய கை உங்களுக்கு மட்டும் உண்மை எழுதும் என்று எதை வைத்து நம்புவது? இரண்டாவது, உள்ளே ஒரே மேசையில் ஒரே வேலை செய்கிறவர்களில் 19 பேர் கம்பெனிப் பதிவேட்டில், மீதிப்பேர் காண்ட்ராக்ட் பேரில், வைப்பு நிதி யாருக்கும் இல்லை. அந்த மேசையில் ஒற்றுமை இருக்காது. மூன்றாவதுதான் பெரிது: பெரிய ஆர்டர் வரும்போது வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருவார்கள், பதிவேட்டைக் கேட்பார்கள். 19 பேர் உடைக்க முடியாத அளவுச் சரக்கை நீங்கள் அனுப்புவது அந்தப் பதிவேட்டிலேயே தெரியும். ஆலை வளரும்போது பொய்யும் கூடவே வளர வேண்டியிருப்பதால், பலர் ஒரு கட்டத்தில் வளர்ச்சியையே நிறுத்திவிடுகிறார்கள்.

டாடா இரும்பாலையில் எட்டு மணி நேர வேலை 1912-லேயே வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1948-ல். வருங்கால வைப்பு நிதியை அவர்கள் 1920-ல் கொண்டுவந்தார்கள், சட்டம் வந்தது 1952-ல். ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்கும் கருங்கல் அண்டி ஆபீசுக்கும் என்ன ஒப்பு என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் சட்டத்துக்கு 30 வருடம் முன்னால் நடந்தார்கள். நாம் சட்டம் வந்து 70 வருடம் கழித்துப் பின்னால் ஒளிகிறோம். நீடித்து நிற்க ஆசைப்படுகிறவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆள் எடுப்பதற்கு வருகிறேன். நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய பாடம் கல்லறையாகக் கிடக்கிறது. தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் போயிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள், மான்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். உள்ளே இடிந்த தேவாலயத்தில் டிலனாய் என்ற டச்சுத் தளபதியின் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டவர் அவர். தோற்ற எதிரியைத் தன் படைக்கு எடுக்க எத்தனை ராஜாக்களுக்கு மனம் வரும்? ராஜாவுக்கு வந்தது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே படையைக் கையில் கொடுத்துவிடவில்லை. மெய்க்காவல் வீரர்களில் சிலரை மட்டும் கொடுத்துப் பயிற்சி தரச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் மேலே மேலே கொடுத்து, கடைசியில் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆக்கினார். கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை வந்தது. துப்பாக்கிப் பயிற்சியும் அணிவகுப்பும் வந்தன. டிலனாய் 1777-ல் இறக்கும்வரை 36 வருடம் இங்கேயே இருந்தார், ராஜா இறந்த பிறகும் அடுத்த ராஜாவுக்காக உழைத்தார்.

இதில் நான் கவனிப்பது கடைசிப் பகுதியை. அவர் வடக்கு எல்லையில் கட்டிய நெடுங்கோட்டை அரணில்தான் 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் திரும்பிப் போனது. டிலனாய் இறந்து அப்போது 12 வருடம் ஆகிவிட்டது. அடுத்த வருடம் திப்பு திரும்பி வந்து அந்த அரணை உடைத்தார் என்பதும் உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பயிற்சி கொடுத்தவர் மண்ணுக்குள் போய் 12 வருடத்துக்குப் பிறகும் அந்த முதல் நாளில் படை நின்றதே, அதைத்தான் நான் ‘முதலாளி இல்லாத நாள்’ என்கிறேன்.

ராஜா செய்ததை உங்கள் எட்டுப் பேருக்கும் செய்யலாம். இன்டர்வியூ என்று உட்காரவைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நன்றாகப் பேசுகிறவர்களைத்தான் அது தேர்ந்தெடுக்கும். ஒரு வாரம் முழுக் கூலியோடு வேலை கொடுங்கள். முழுக் கூலி என்பது முக்கியம், சோதனை என்று பாதிக் கூலி கொடுத்தால் அதுவே முதல் பொய்த் தராசு. அந்த வாரத்தில் எத்தனை கிலோ உடைத்தார் என்று பார்க்க வேண்டாம், வேகம் ஆறு மாதத்தில் வந்துவிடும். கீழே விழுந்த பருப்பை எடுத்துத் தனித் தட்டில் போடுகிறாரா, நல்ல பருப்போடு கலக்கிறாரா? பக்கத்தில் இருப்பவருக்குக் கை பொள்ளினால் எழுந்து போய்ப் பூசிக்கொள்ள எண்ணெய் எடுத்துக் கொடுக்கிறாரா? தப்பு நடந்தால் தானே வந்து சொல்கிறாரா, கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறாரா? இவற்றையெல்லாம் நீங்கள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேசையில் இருக்கும் பழைய பெண்களுக்குத்தான் மூன்றாம் நாளே தெரிந்துவிடும். சனிக்கிழமை அவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

கைப்பழக்கம் உள்ளவரைப் பக்கத்து ஆலையிலிருந்து இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்து இழுப்பது சுலபம். இரண்டு ரூபாய்க்கு வந்தவர் மூன்று ரூபாய்க்குப் போவார். புதியவர்களை எடுத்துப் பழக்குவது மெதுவான வேலை, ஆனால் நிற்கிற வேலை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் திருநெல்வேலிக் கிளைக்குப் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார்களே, அதுதான். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே நோயாளியைத் தயார்செய்வது, கண்ணை அளப்பது, ஆபரேஷனில் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் கிராமத்திலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்த பெண்கள். இரண்டு வருடம் அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்வதால்தான் ஒரே நாளில் அத்தனை பேருக்கு ஆபரேஷன் முடிகிறது. வெங்கடசாமி 2006-ல் காலமானார். வரிசை அதே மாதிரி நகர்ந்துகொண்டிருக்கிறது.

சிபாரிசுகள் வரும். சபையிலிருந்து வரும், கட்சியிலிருந்து வரும், சித்தப்பா வீட்டிலிருந்து வரும். எல்லோரையும் வரச் சொல்லுங்கள், எல்லோருக்கும் அந்த ஒரு வாரம்தான் என்று சொல்லுங்கள். இன்னொன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பல ஆலைகளில் முதலாளியின் ஜாதி அல்லது சபை ஆட்கள் மட்டுமே மேஸ்திரியாக இருப்பார்கள். “நம்ம ஆளு, நம்பலாம்” என்பார்கள். அதனால் என்ன ஆகிறதென்றால், மற்றவர்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மேலே போக முடியாது என்று பத்து வருடத்துக்கு முன்பே முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கையை மட்டும்தான் கொண்டுவருவார்கள், தலையைக் கொண்டுவர மாட்டார்கள். உங்கள் 17 பேரில் யார் மேஸ்திரியாக வரக்கூடியவர் என்று இன்றைக்கு உங்களுக்குத் தோன்றுகிறதோ, அவர் எந்தத் தெரு என்று பார்க்காமல் கொண்டுவாருங்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அண்டி ஆபீசின் பாதி வேலையை அவர்கள் ஏற்கெனவே தலைமை தாங்கித்தான் நடத்துகிறார்கள்.

மழைக்காலத்தையும் ஆள் எடுப்பதோடு சேர்த்தே யோசியுங்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. களம் காயாது, வேலை குறையும். பாதிப்பேரை நிறுத்திப் பாதிப்பேருக்கு ஆறு நாள் வேலை கொடுப்பதா, எல்லோருக்கும் மூன்று நாள் கொடுப்பதா? தக்கலை முதலாளி எல்லோருக்கும் மூன்று நாள் கொடுப்பார். மழை முடிந்து ஆலை முழுவேகம் எடுக்கும்போது பக்கத்து ஆலைகள் ஆள் தேடி அலையும், எங்கள் மேசை முதல் நாளே நிறைந்திருக்கும்.

அந்த ஆலையில் தரம் பிரிக்கும் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தலைமை என்பதைப் புரியவைத்தது. ஏற்றுமதிக்கு டபிள்யூ 320 டின்கள் கட்டிக்கொண்டிருந்தோம். சரக்கு கொஞ்சம் குறைந்தது. லாரி கீழே நிற்கிறது. முதலாளி வந்து, ஒவ்வொரு டின்னிலும் நடுவில் கொஞ்சம் அடுத்த தரத்தைப் போட்டுக் கட்டச் சொன்னார். தரம் பிரிக்கிறவர்களில் மூத்தவர் ஓர் அம்மா, அறுபதை நெருங்கியவர். எங்களுக்கெல்லாம் அவர் பெரியம்மை. அவர் பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்ப மேசையில் வைத்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். “மொதலாளி, இதை நான் கட்ட மாட்டேன். நீங்களே கட்டுங்க. நாளைக்கு டின்னு திரும்பி வந்தா யாருக்க கைன்னு கேப்பியளே, அப்போ எனக்க கையின்னு சொல்ல எனக்கு ஏலாது.” மேசையில் ஒரு சத்தமும் இல்லை. நான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தலை நிமிர்த்த முடியவில்லை. முதலாளியின் முகம் சிவந்தது. வெளியே போனார். திரும்பி வந்து, “லாரி நாளைக்குப் போகட்டும்” என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் பெரியம்மைக்கு இரண்டு ரூபாய் கூலி கூடியது. அதைவிடப் பெரியது, அன்றைக்குப் பிறகு அந்த மேசையில் யார் வேண்டுமானாலும் ‘மாட்டேன்’ என்று சொல்லலாம் என்று ஆகிவிட்டது. டொயோட்டா ஆலைகளில் தப்பைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்த முடியும் என்று பிற்பாடு படித்தேன். கயிற்றைத் தொங்கவிடுவதில் ஒன்றுமில்லை. முதல் முறை ஒருத்தர் இழுக்கும்போது முதலாளி என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே, தம்பி, ஆள் எடுக்கும்போது உங்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய ஒருவராவது அந்த எட்டுப் பேரில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டு, தாமதம், சண்டை என்று வரும்போது என்ன செய்வது? விதிகள் ஐந்தாறு போதும். எழுதி ஒட்டுங்கள், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். முதல் முறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். சில ஆலைகளில் சாயங்காலம் வாசலில் பெண்களைத் தடவிச் சோதிப்பார்கள். அதை என்னால் ஒருநாளும் ஏற்க முடியவில்லை, என் அம்மா அந்த வாசலைத் தாண்டி வந்தவர். ஒரு கைப்பிடிப் பருப்புக்காக 20 பேரின் மானத்தைத் தொடுவது கண்டிப்பு ஆகாது. கொடுக்கும் அண்டிக்கும் வரும் பருப்புக்கும் மேசைவாரியாகத் தினமும் கணக்கு வைத்தால் எங்கே குறைகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, திருடியது யாராக இருந்தாலும், மேஸ்திரியாக இருந்தாலும், மச்சானாக இருந்தாலும், போக வேண்டியதுதான். இதில் இரக்கம் பார்த்தால் மற்ற எல்லோருக்கும் செய்கிற அநியாயம் ஆகிவிடும். போகிறவருக்குச் சேர வேண்டிய கூலியை அன்றைக்கே முழுதாகக் கொடுத்து அனுப்புங்கள்.

மச்சான் விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சொந்தக்காரர் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். ஜப்பானில் கோங்கோ குமி என்று கோயில் கட்டும் கம்பெனி ஒன்று, கி.பி. 578-ல் தொடங்கி 1,400 வருடத்துக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் நடந்தது. அவர்கள் மூத்த மகன்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. தகுதியான மருமகன் கிடைத்தால் அவரைக் குடும்பப் பெயரோடு சுவீகாரம் எடுத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அத்தனை நூற்றாண்டு நின்ற கம்பெனி 2006-ல் இன்னொரு கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்தது, ரியல் எஸ்டேட் ஏறிய காலத்தில் நிலத்தில் போட்ட பணமும் கடனும் முக்கியக் காரணம். நம் நாஞ்சில் நாட்டில் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிக் குடும்பங்கள், குடும்பத் தலைவரான காரணவரின் கையில் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்க வழியில்லாமல் கோர்ட்டுக்கு அலைந்த கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். சொந்தம் என்பதால் எந்தக் குடும்பமும் கெடவில்லை. சொந்தத்திடம் கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டதால்தான் கெட்டது.

ஆகவே மச்சானிடம் நேராகப் பேசுங்கள். மேனேஜர் நாற்காலியில் தொடங்க வேண்டாம். களத்தில் அண்டி காயப் போடுவது, வறுப்பு, பருப்பைக் காயவைக்கும் போர்மா அடுப்பு, தோல் உரிப்பு, தரம் பிரிப்பு, டின் அடைப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதம் நிற்கட்டும், அந்த இடத்துக்கு உள்ள கூலியோடு. கல்ஃபில் கணக்கையும் நேரத்தையும் பழகியவராக இருந்தால் அது உங்களுக்கு லாபம்தான். ஆறு மாதம் கழித்து அவரை மேனேஜராகப் போடலாமா என்று மேசையில் இருக்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் ‘இதெல்லாம் நான் செய்வதா’ என்றால், உங்கள் வீட்டில் ஒரு மாதம் சாப்பாட்டு நேரம் கஷ்டமாக இருக்கும். அந்த ஒரு மாதத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். தங்கையிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தராசு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெண்கள் பக்கம் திருப்பி வையுங்கள், பக்கத்தில் ஓர் எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு வாரம் வேளாங்கண்ணிக்கோ வேறு எங்கோ போய்விட்டு வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுடைய நோட்டுகளையும் உங்கள் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வித்தியாசம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.